கருப்பட்டி பட்ட கண்

தூத்துக்குடியில் கருப்பட்டிக் கடை வைத்திருந்த வன்னியபெருமாளுக்கு மூக்குப்பொடி இல்லாவிட்டால் உலகமே ஓடாது. அன்றைக்கு வினை வந்ததும் அதனால்தான். புகை படும்படி மச்சில் அடுக்கியிருந்த கருப்பட்டிகளை அவர் மனைவி செல்லத்தாய் ஒவ்வொன்றாகப் போட, கீழே நின்று அவர் பிடிப்பது வழக்கம். அண்ணாந்தபடியே ஒரு சிட்டிகை பொடிக்காகக் கையை மடிக்குக் கொண்டுபோனார். கருப்பட்டி நேராக வலது கண்ணில் வந்து மோதியது.

விழி தப்பியது. ஆனால் கன்னம் மரத்துப்போய், மேலே பார்த்தால் எல்லாம் இரண்டிரண்டாகத் தெரிந்தது. டாக்டர் தேவதாசன் எக்ஸ்ரே படத்தைத் தூக்கிப் பிடித்தார்.

"கண்ணுக் குழிக்கு அடியில உள்ள எலும்பு முட்டை ஓடு மாதிரி மெல்லிசு. அது ஒடைஞ்சி, சதை அதுக்குள்ள மாட்டியிருக்கு. வீக்கம் வடியட்டும், அப்பவும் ரெண்டாத் தெரிஞ்சா ஆபரேஷன்தான். மூக்கச் சிந்தக் கூடாது அண்ணாச்சி. பொடியத் தொடவே கூடாது."

தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும். மூன்றாம் நாளே கடையில் சாக்கு மூட்டைக்குப் பின்னால் ஒளிந்து பொடியை உறிஞ்சினார். ஒரே தும்மல், இமை ஆப்பம் போல உப்பிக்கொண்டது. தொட்டால் நறநறவென்றது.

"மூக்குக் காத்து ஒடைசல் வழியா ஏறியிருக்கு" என்றார் டாக்டர். செல்லத்தாய் பொடி மட்டையைச் சாக்கடையில் எறிந்தாள்.

வீக்கம் வடிந்தபின் டாக்டர் ஒரு விரலை உயர்த்தி, "எத்தன?" என்றார்.

"ஒண்ணு." கத்திக்கு அவ்வளவு பயம் மனுசனுக்கு.

செல்லத்தாய்க்குத் தெரியாதா? காலையில்கூடக் கொடியில் கிடந்த துண்டை எடுக்கப்போய் வெறும் காற்றைப் பிடித்தவர் அவர். போட்டது தன் கைதானே, காலம் பூரா இப்படியே தடவிக்கொண்டிருக்க விடுவதா?

"பொய் சொல்லுதாவ டாக்டர். ரெண்டாத்தான் தெரியுது. ஆபரேஷன் பண்ணிருங்க."

மயக்கம் கொடுத்து, மேலுதட்டுக்குள் ஈறைக் கீறி, கன்னத்து எலும்புக்குள் இருக்கும் பொந்து வழியாகப் போய் டாக்டர் சதையை விடுவித்தார். உடைந்த எலும்பைத் தூக்கி நிறுத்தி, அது இறங்காமலிருக்கத் துணிச்சுருளை உள்ளே திணித்தார். ஆஸ்பத்திரியில் கிடந்த நாளெல்லாம் வன்னியபெருமாள் மனைவியிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

துணியை உருவியபின், கட்டிலருகே நின்ற அவளை அண்ணாந்து பார்த்தார்.

"என்னங்க, எப்பிடித் தெரியுது?"

"ஒருத்திதான் நிக்கா."

"இப்பவும் பொய்யா?"

"இல்லளா, சத்தியமா ஒருத்திதான். காட்டிக்குடுக்க ஒருத்தி போதாதா?"

அத்தனை பேர் படுத்திருந்த வார்டில் செல்லத்தாய் வாய்விட்டு அழுதாள். அவ்வளவு சந்தோஷம் அவளுக்கு.