நான்கு ஆண்டுக்கு மிகாமல்

மேற்குத் தெருவில் இருந்த ஆம்புலன்ஸ் நிலையத்தை மூடவைத்த நகரமன்ற உறுப்பினர் டுவைட் ப்ரூயிட்டின் பெயரைக் கேட்டாலே வில்மாவுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அவள் கணவன் ஆர்வில் நிலக்கரிச் சுரங்கத்தில் நுரையீரலைத் தொலைத்துவிட்டு மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு சாய்வு நாற்காலியில் கிடந்தான். மூச்சு முட்டினால் இனித் தண்டவாளத்துக்கு அப்பாலிருந்துதான் வண்டி வர வேண்டும். சரக்கு ரயில் குறுக்கே நின்றுவிட்டால் அதுவும் வராது.

மன்றத்துக்கு இரண்டு ஆண்டுக்கொரு முறை தேர்தல். "அடுத்த வருஷ நவம்பர்ல அவனத் தூக்கிட்டு, நிலையத்தத் திறந்துடுவாங்க. அதுவரைக்கும் இழுத்துப் பிடிச்சுக்கறேன்" என்பான் ஆர்வில்.

இந்த நவம்பர் வாக்குச்சீட்டில் ஒரு கேள்வி வந்தது: 'உறுப்பினர் பதவிக்காலத்தை நான்கு ஆண்டுக்கு மிகாமல் வரையறுக்கலாமா?' அதை எழுதினவன் கை விளங்காமல் போக! ப்ரூயிட் பன்னிரண்டு ஆண்டுகளாக நாற்காலியை விடாதவன். மொத்தமே நான்கு ஆண்டுதான் என்றால் அவன் ஒழிந்தான் என்று வில்மா துள்ளினாள். கீழே பொடி எழுத்தில் இருந்ததை அவள் படிக்கவில்லை. புல்தரையில் 'ஆம்' பலகையை நட்டாள், தேவாலயப் பெண்களுக்கெல்லாம் போன் போட்டாள், வீடு வீடாக ஏறி இறங்கினாள்.

"ஏன்டி, ப்ரூயிட் வீட்டு வாசல்லயும் 'ஆம்'னுதானே பலகை நிக்குது?" என்று கேட்டாள் பக்கத்து வீட்டுத் தெல்மா.

"வெக்கங்கெட்டவன், யோக்கியன் வேஷம் போடறான். நீ பேசாம 'ஆம்' போடு."

தெருவே போட்டது. நூலிழையில் 'ஆம்' ஜெயித்தது.

மறுநாள் காலை, காபிக் கடையில் ப்ரூயிட் தொப்பியைக் கழற்றிக்கொண்டு அவள் மேஜைக்கே வந்தான். "வில்மா, உங்க தெரு ஓட்டு இல்லேன்னா மண்ணக் கவ்வியிருப்போம். ரொம்ப நன்றி."

"எனக்கு எதுக்கு நன்றி? போய் மூட்டையக் கட்டு."

அவன் நிஜமாகவே குழம்பிப் போனான். "மொத்தமா நாலு வருஷம் இல்லீங்க. ஒரு தடவை ஜெயிச்சா ரெண்டு வருஷத்துக்குப் பதிலா நாலு வருஷம். எத்தனை தடவை வேணும்னாலும் நிக்கலாம். இப்ப இருக்கறவங்களுக்கும் சேர்த்துத்தான். அடுத்த வருஷம் தேர்தலே கிடையாது."

காபி ஆறிப்போனது. வில்மாவுக்கு அவன் மேல் கோபம்கூட வரவில்லை. வீடு வீடாகப் போய்த் தன் தலையில் மண்ணை வாரிப் போட்டுக்கொண்டவள் அவள்தானே. வாய்விட்டு அழவும் வெட்கமாக இருந்தது.

வீட்டுக்கு வந்தபோது ஆர்வில் விழித்திருந்தான். தூரத்தில் ஏதோ ரயில் பிரேக் போட்டு நிற்கும் சத்தம் கேட்டது.

"ஜெயிச்சுட்டோமாமே? தெல்மா சொன்னா" என்றான், மூச்சை வாங்கி வாங்கி. "அப்ப அடுத்த வருஷம் திறந்துடுவாங்கல்ல?"

ஊரையெல்லாம் சொல்ல வைத்த அந்தச் சொல்லை வில்மா இன்னொரு முறை சொன்னாள்.

"ஆமா."