முப்பது ஆண்டுகளாக ஆளின்றி

வாசலில் சாக்கை விரித்து உட்கார்ந்து, சலவைக்கல்லில் பென்சிலால் எழுதியிருந்த எழுத்துகளின்மேல் உளியை வைத்துத் தட்டிக்கொண்டிருந்தார் கல்தச்சர். வீட்டை அரசு அருங்காட்சியகம் ஆக்குகிறது. நாளை மறுநாள் அமைச்சர் திறந்துவைக்கிறார். கல்லில் வருவது வீட்டின் வரலாறு. கல்தச்சர் குடியிருந்ததே அந்த வீட்டு மாடிப்படிக்கு அடியில்தான் என்பதால், கல்லைத் தூக்கிவரும் வண்டிக் கூலி மிச்சம் என்று வேலையை அவரிடமே கொடுத்திருந்தார்கள்.

"என்னதான் எழுதியிருக்கு? படிங்களேன்," என்றாள் மனைவி, இடுப்புக் குடத்தை இறக்காமலே.

படித்தார். கட்டியவர் ஒரு கப்பல் முதலாளி. பிறகு ஒரு நீதிபதி, இருபத்திரண்டு ஆண்டுகள். வயிற்றுப்போக்கால் ஓர் இரவு தங்கிப்போன தளபதிக்கு ஒரு முழு வரி. வயிற்றுப்போக்கை மட்டும் 'ஓய்வு' என்று மாற்றியிருந்தார்கள்.

"நாம எப்ப வர்றோம்?"

கல்தச்சர் கல் தூசியை ஊதினார். "'அதன்பின் முப்பது ஆண்டுகளாக ஆளின்றிக் கிடந்தது.'"

"அப்ப மூணு புள்ளைய நான் எங்க பெத்தேன், ஆகாசத்துலயா?"

சிரித்தாள். அவர் சிரிக்காததைப் பார்த்து நிறுத்தினாள்.

மாலையில் வரலாற்று ஆய்வாளர் வந்தார். பழமை என்றால் உயிர். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றாமலே ரசிப்பார்.

"ஐயா, ஏழு குடும்பம் இருக்கோம். ஆளே இல்லன்னு கல்லுல வெட்டிட்டா, காலி பண்ண நோட்டீஸ்கூட தரமாட்டாங்களே."

"நான் பாக்க வந்தப்போ ஒரு சட்டிபானைகூட இல்லையேப்பா. அதைத்தான் அறிக்கைல எழுதினேன்."

கல்தச்சர் தலைகுனிந்தார். வீடு லட்சணமாக இருந்தால் இருப்பவர்களை விட்டுவைப்பார்கள் என்று பேசிவைத்து, அன்று அடுப்பு, துணிக்கொடி, தொட்டில் அத்தனையையும் மொட்டைமாடிக்கு ஏற்றியவர்கள் அவர்களேதான். சத்தம் வராமலிருக்கக் குழந்தைகள் வாயில் மிட்டாயைப் போட்டு அங்கேயே உட்காரவைத்தார்கள்.

"பயத்துல ஒளிச்சு வச்சோம்யா. அந்த ஒரு வரியை மட்டும் மாத்திக் குடுங்க."

"அமைச்சரே ஒப்புதல் குடுத்த வாசகம்ப்பா. உன்னால முடியலன்னா சொல்லு, வேற ஆளைப் பாத்துக்கறோம்."

செதுக்கினார். முப்பது வருட அனுபவம். ஒரு சுழிகூடப் பிசகவில்லை.

திறப்புவிழா அன்று ஏழு குடும்பங்களும் மூட்டைகளோடு எதிர்ச்சாரி நடைபாதையில் நின்றன. கைதட்டல் ஓய்ந்து, கார்கள் போனதும், கல்தச்சர் மனைவி வேகமாகத் தெருவைக் கடந்தாள். கடைக்குட்டியின் காய்ச்சல் மருந்து உள்ளே மாடத்திலேயே இருந்துவிட்டது. புதுச் சீருடைக் காவலாளி கதவைப் பூட்டிக்கொண்டே திரும்பினார்.

"இன்னிக்கு முடிஞ்சுதும்மா. நாளைக்குப் பத்து மணிக்கு வாங்க, நிதானமா சுத்திப் பாக்கலாம். டிக்கெட்டெல்லாம் கிடையாது."