நடுவில் நின்றவள்

ஒரே வீட்டுக்குள் அப்பனும் மகனும் பேசாமல் இருந்தால் நடுவில் நிற்கிறவள் பாடுதான் திண்டாட்டம். மீனாட்சிபுரத்தில் கருப்பாத்தாளுக்கு இரண்டு வருஷமாக அதுதான் வேலை. மகன் சந்துரு எதிரிலேயே உட்கார்ந்து சோறு தின்றுகொண்டிருப்பான். "மாட்டுக்குத் தண்ணி வெக்கச் சொல்லு புள்ள, அந்தக் குடிகாரனை" என்பார் ஈஸ்வரமூர்த்தி, அவளைப் பார்த்து. அவளும் அதை ஒருமுறை மகனிடம் திருப்பிச் சொல்லவேண்டும். குடிகாரன் என்பதை மட்டும் விழுங்கிவிடுவாள்.

சந்துரு குடித்ததே இல்லை. பால் சொசைட்டிக்குக் கேனைத் தூக்கிக்கொண்டு போனவன் அத்தனை பேர் முன்னாலும் தள்ளாடி விழுந்தான். பால் தெருவோடு ஓடியது. மலையாள எல்லையில், தோப்புக்குத் தோப்பு கள்ளு இறக்குகிற ஊர். இங்கே கன்றுக்குட்டி தடுமாறினாலும் கள்ளு என்றுதான் சொல்வார்கள். கூப்பிட்டால் திரும்பாததும் போதை, சுவரைப் பிடித்து நடந்ததும் போதை. "சத்தியமா இல்லீங்கப்பா" என்று அவன் அழுதான். ஊர் சொன்னதை நம்பிய மனுஷன் பெற்ற பிள்ளை சொன்னதை நம்பவில்லை. அன்றைக்கு மூடிய வாய்தான்.

கருப்பாத்தாள் மட்டும் என்ன யோக்கியம்? அவன் தூங்கும்போது குனிந்து வாயை மோந்து பார்த்தாள். வாடையே இல்லை. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

இடது காது அடியோடு போய், முகமும் மரத்த பிறகுதான் திருச்சூரில் ஸ்கேன் எடுத்தார்கள். டாக்டர் ஜெஸ்னா மலையாளம் கலந்த தமிழில் பொறுமையாகச் சொன்னார்.

"உடம்பிலெ மெர்லின்னு ஒரு புரோட்டீன் உண்டு. செல்லு வளரும்போ, போதும், நிறுத்துன்னு சொல்றது அதுதான். சந்துருவுக்கு அது சரியா உண்டாகலை. அதனால ரெண்டு காது நரம்புலயும் கட்டி வளந்திருக்கு. கேக்கறதும் அந்த நரம்பாலதான், விழாம நிக்கறதும் அதாலதான்."

"கள்ளு குடிச்சா இது வருங்களா?" என்றார் ஈஸ்வரமூர்த்தி.

"கள்ளுக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லா. பிறக்கும்போதே உள்ளது."

வலது பக்கக் கட்டி மூளைத்தண்டை அமுக்குகிறது. எடுக்காவிட்டால் உயிருக்கு ஆபத்து. எடுத்தால் மிச்சமிருக்கும் காதும் போய்விடும். மறுநாள் காலை ஆபரேஷன் என்றார்கள்.

வெளியே வந்ததும் கருப்பாத்தாள் புருஷனைப் பிடித்துக்கொண்டாள். "ஏனுங்க, காது இருக்கறப்பவே அவங்கிட்ட ஒரு வார்த்தை பேசீருங்க. என்னைய நடுவுல இழுக்காதீங்க."

அவர் தலையாட்டினார்.

காலையில் ஸ்ட்ரெச்சர் வந்தது. கருப்பாத்தாள் வேண்டுமென்றே விலகி நின்றாள். சந்துரு வலது காதை அப்பா பக்கம் காட்டிப் படுத்திருந்தான். ஈஸ்வரமூர்த்தி ஸ்ட்ரெச்சர் அருகே போனார். பாழாய்ப்போன பழக்கம், முகம் தானாக அவள் பக்கம் திரும்பியது.

"பயப்படாமப் போயிட்டு வரச் சொல்லு புள்ள."

அவளுக்கு வந்த ஆத்திரத்துக்கு அவரை அடித்திருப்பாள். நேரமில்லை. ஓடி வந்து குனிந்து அதையே அவன் காதில் சொன்னாள். அவன் சரி என்று தலையசைத்தான். கதவு மூடிக்கொண்டது.

பிள்ளை பிழைத்துவிட்டான். வார்டுக்குக் கொண்டுவந்ததும் ஈஸ்வரமூர்த்தி கட்டிலோரம் உட்கார்ந்து அவன் கையைப் பிடித்தார். முகத்துக்கு நேராகவே பேசினார்.

"நீ குடிக்கலை சாமி. நாந்தான் உன்னைய நம்பலை. அப்பன் பண்ணுனது தப்பு சாமி."

அடைபட்டுக் கிடந்ததெல்லாம் அழுகையோடு கொட்டியது. பக்கத்துக் கட்டில்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். இந்தப் பேச்சுக்காகத்தான் கருப்பாத்தாள் இத்தனை நாளும் சாமி கும்பிட்டாள்.

சந்துரு அப்பாவின் உதடுகளையே பார்த்தான். ஒன்றும் பிடிபடவில்லை. பிறகு மெல்லத் தலையைத் திருப்பி அம்மாவைப் பார்த்தான்.

"அப்பா என்னுங்கம்மா சொல்றாரு?" தன் குரலின் அளவு தெரியாமல், வார்டே கேட்கும்படி கேட்டான்.

கருப்பாத்தாள் எப்போதும்போல அவன் வலது காதுப் பக்கம் குனிந்தாள். வாயையும் திறந்துவிட்டாள். அப்புறம்தான் அவளுக்கு உறைத்தது.