உரிக்க மறந்த டேப்

பொம்மை விமானத்தின் இறக்கை கண்ணாடிபோல வழவழக்க வேண்டுமென்று பெயின்டர் கொழுந்தனை மூன்று நாள் விரட்டித் தேய்க்க வைத்தவள் அவள்தான். இப்போது விசிறி வைத்த சோதனைக் கூண்டுக்குள் காற்றை முடுக்கிவிட்டால், காற்றின் போக்கைக் காட்ட இறக்கைமேல் ஒட்டிய நூல்கள் இடப்பக்கம் பேயாட்டம் ஆடின. அங்கே காற்று இறக்கையில் படியவேயில்லை. வலப்பக்கமோ நூல்கள் வாரிவிட்ட தலைமுடிபோலப் படிந்து கிடந்தன.

“ஐயோ அண்ணி! பெயின்ட் அடிக்கறப்ப முன்விளிம்புல ஒட்டின டேப்பை வலப்பக்கம் உரிக்க மறந்துட்டேன்!” என்று கொழுந்தன் கூண்டை நோக்கிப் பாய்ந்தான்.

“கைய வச்சே, தெரியும் சேதி!” அவள் குதித்தாள். “அந்த டேப்போட மேடுதான்டா காத்தைக் கலக்கிப் படிய வைக்குது! இடப்பக்கமும் ஒட்டு!”

“அப்ப மூணு நாள் தேய்ச்சது?”

“அதுல முகம் பாத்து மீசையை ஒதுக்கிக்கோ!”