வெயில் படாத சுவர்

...எலி செத்த நாற்றம் இல்லை இது, எலி என்றால் நாலு நாளில் அடங்கிவிடும், இது மூன்று வாரமாக வளர்ந்துகொண்டே போகிறது, காப்பியை வாயருகே கொண்டுபோனால் காப்பியிலும் அதே வாடை, த்தூ... இன்னாசி மூக்கையும் வாயையும் துண்டால் கட்டிக்கொண்டு மேற்குச் சுவரில் அடித்திருந்த பலகையைக் கடப்பாரை நுனியால் நெம்பினான். பலகை கழன்றதும் பின்னாலேயே மாட்டு ரோமக் கம்பளி, கறுத்து, கொழகொழவென்று, அவன் புறங்கையில் வந்து அப்பியது. சீ! அதற்குள் வெள்ளை வெள்ளையாக நெளிகிறதே... ரயில்வே பட்டறையில் பதினாறு வருஷமாகப் பாய்லருக்கு இதே கம்பளியைச் சுற்றுகிறவன், ஒரு நாளாவது அங்கே புழுவைப் பார்த்திருக்கிறானா? அங்கே உள்ளே நெருப்பு, எல்லாம் காய்ந்து மொறுமொறுவென்று கிடக்கும். இது ராயபுரத்துக் கடல் காற்றைக் குடித்துக் குடித்து உப்புப் பூத்த எண்பது வருஷச் செங்கல், வெளியே மழை அடித்தால் உள்ளே வியர்க்கிற சுவர். இதற்குக் கம்பளி போர்த்தி, மேலே பலகையும் அடித்து மூடினால் அந்த ஈரம் எங்கே போகும்? இந்தப் புத்தி அப்போது எங்கே போயிருந்தது? நெருப்பையே உள்ளே அடக்கத் தெரிந்தவனுக்கு வெயிலை வெளியே நிறுத்தத் தெரியாதா என்று பெண்டாட்டி ஹில்டாவிடம் என்ன ஜம்பம் அடித்தான்!

இன்றைக்குப் பார்த்துத்தானா ஐரீன் வரவேண்டும்... அவன் தங்கை அவள், தாம்பரத்துக் காசநோய் ஆஸ்பத்திரிக்குப் போய் ஒன்றரை வருஷம், கட்டினவன் கைவிட்டாயிற்று, வேறு போக்கிடம் கிடையாது. ஈரமான அறை ஆகாது, நல்ல காற்று வேண்டும் என்று டாக்டர் படித்துப் படித்துச் சொன்னார். தலையைத் தலையை ஆட்டிவிட்டு வந்து, அவளுக்கு வெயில் தாக்கக்கூடாது என்று இதைச் செய்து வைத்திருக்கிறான். பாதி அரித்த நுரையீரலோடு இந்த நாற்றத்தை ஒரு வாரம் இழுத்தால் போதும், திரும்பவும் தாம்பரம்தான், அடுத்த தடவை திரும்பி வருவாளா?

ஹில்டா பினாயில் வாளியோடு வந்து வாசலிலேயே முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். “இன்னாங்க இது, ஆடு வெட்டற தொட்டியாட்டம் நாறுது! சீக்கிரம் வாரிக் கொட்டுங்க, ஐரீன் வர்ற நேரம். அந்த இன்னொரு சொவத்தையும் பிரிச்சுடுங்க.”

“அது நல்லாத்தான் கீது.”

“இன்னா நல்லா கீது? அந்தப் பக்கம் வெயிலே படாதே. அதுக்குப் போயி ரெண்டு மடிப்பு கம்பளி எதுக்கு?”

மிச்சம் இருந்தது, வீணாகப் போகிறதே என்று... சொல்ல வாயெடுத்தான். மிச்சமா? அந்தச் சுவருக்கு அல்லவா முதலில் அளவெடுத்தான்? அதற்கு அந்தப் பக்கம் அடுத்த வீட்டுப் பவுனம்மாளின் அடுப்படி. முன்பெல்லாம் இங்கே ஐரீன் இருமினால் அங்கே பாத்திரச் சத்தம் சட்டென்று நின்றுபோகும், மறுநாள் குழாயடியில் சீக்குக்குப் பயந்து எல்லோரும் விலகிவிட, ஹில்டாவின் குடம் மட்டும் தனியாக நிற்கும். பாய்லர் மேல் இரண்டு மடிப்புச் சுற்றிவிட்டால் உள்ளே கொதிக்கிற சத்தம்கூட வெளியே வராது என்பது பட்டறையில் அவனுக்குத் தெரியாததா? வெயில், வெயில் என்று யாரிடம் சொன்னான், ஹில்டாவிடமா, தன்னிடமேவா? புறங்கையில் ஒட்டியிருந்த ரோமத்தை வேட்டியில் தேய்த்தான், போகவில்லை, இன்னும் அழுத்தித் தேய்த்தான். கடப்பாரையை எடுத்து அந்தச் சுவரின் முதல் பலகைக்கு அடியில் கொடுத்தான். நெம்பவில்லை. நெம்பினால்... நாளைக்குக் குழாயடி?

தெருவில் ஜட்கா வந்து நின்றது. ஹில்டா வாளியைப் போட்டுவிட்டு ஓடினாள். “அண்ணே...” என்று ஐரீனின் குரல் நடையில் கேட்டது, கன்னம் கொஞ்சம் பூசினாற்போல் நிலைப்படியில் வந்து நின்று சிரித்தாள், அறைக்குள் ஒரு மூச்சு இழுத்ததும் வாயைப் பொத்திக்கொண்டு இருமினாள். வா என்று சொல்லவேண்டும், தண்ணீர் கொடுக்கவேண்டும், முதலில் அவளை இங்கிருந்து வெளியே கூட்டிப்போகவேண்டும்... இன்னாசி அசையாமல் நின்றான், சுவருக்கு அந்தப் பக்கம் பாத்திரச் சத்தம் நின்றுவிட்டதா என்று கேட்டுக்கொண்டு.