கன்றின் பங்கு

சீதேவி கத்தினால், துறைமுகத்தில் கப்பல் ஊதுகிறது என்றுதான் பாலையூற்றுக்குப் புதிதாகக் குடிவந்தவர்கள் நினைப்பார்கள். அப்படி ஒரு குரல் அந்தப் பசுவுக்கு. சுலோஜனாவுக்கு மட்டும் வித்தியாசம் தெரியும். கப்பல் ஊதிவிட்டுப் பேசாமல் இருந்துவிடும். சீதேவி பதில் கிடைக்கும்வரை விடாது.

சீதேவி கன்று போட்ட அன்று சுலோஜனாவின் கவலையெல்லாம் பசுவைப் பற்றியதல்ல, புருசனைப் பற்றியது. துறைமுகத்தில் மலைமலையாகச் சரக்கு இறக்கிய பிரவீனன், டெங்குக் காய்ச்சல் மாறிய பிறகும் கட்டிலை விட்டு எழும்பவில்லை. காய்ச்சல் போகும்போது ஆளில் பாதியையும் கொண்டுபோய்விட்டது. கஞ்சி கொடுத்தால் வாந்தி, சூப் கொடுத்தால் வாந்தி. சாப்பாடு இறங்கினால் உடம்பு தேறும் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். இறங்கினால்தானே! இப்படியே போனால் மனிசன் தன் கையைவிட்டுப் போய்விடுவான் என்ற பயத்தில் அவள் அரைப் பைத்தியமாகத் திரிந்தாள்.

பக்கத்து வீட்டு நிருஜாதான் கடும்பின், கன்று போட்டதும் சுரக்கும் சீம்பாலின், நினைப்பைக் கிளப்பியவள். அவளுக்குப் பால் சேகரிக்கும் நிலையத்தில் வேலை. பாலைப் பற்றிக் கேட்டுவிட்டால் வாய் ஓயாது.

"மாடு கண்டு போட்டிருக்கு, கடும்புப்பாலை அவிச்சுக் குடுங்கோ அக்கா. மற்றப் பாலைவிட எவ்வளவு புரதம்! விற்றமின் இருக்கு, நோயெதிர்ப்புச் சத்து இருக்கு. மருந்தெண்டு சொல்லமாட்டன், சாப்பாடுதான். ஆனா வழுக்கிக்கொண்டு இறங்கும்." படலைவரை போனவள் திரும்பினாள். "முதல் பால் கண்டுக்கு, என்ன? வயிறு முட்டக் குடிக்க விடுங்கோ. அது பிறக்கேக்க நோயெதிர்ப்பு ஒண்டும் கொண்டு வாறேல்லை. எல்லாம் அந்தப் பாலோடதான் உள்ள போகவேணும். மிச்சம்தான் எங்களுக்கு."

"ஓம் ஓம், தெரியும்," என்றாள் சுலோஜனா.

தெரியும்தான். தெரிந்துகொண்டுதான் செய்தாள். மடியைத் தடவிப் பார்த்ததுமே, இது கன்றோ புருசனோ, ஒரு வயிற்றுக்குத்தான் காணும் என்று விளங்கிவிட்டது. கன்றுக்குப் பின்னால் விழுந்த இளங்கொடியை உரப்பையில் கட்டி ஆலமரத்தில் தூக்கினாள். பசுவுக்கு இளஞ்சூட்டுத் தண்ணீர் வைத்தாள். மற்ற எல்லாவற்றையும் முறைப்படி செய்துவிட்டு, ஈரம் காயாமல் தள்ளாடி வந்த கன்றை இழுத்துப்போய்க் குசினிக்குப் பின்னால் கட்டினாள். கடைசிச் சொட்டுவரை கறந்தாள். கன்றுக்குப் பால்மாவைக் கரைத்துப் போத்தலில் பருக்கினாள்.

மஞ்சள் மஞ்சளென்று தடித்த பால், விரலில் பிசினாக ஒட்டியது. அரைவாசிக்குச் சீனியும் ஏலக்காயும் போட்டு ஆவியில் அவித்தாள். மிச்சத்தைப் போத்தலில் ஊற்றி, பிரிஜ்ஜில் உறைய வைத்தாள்.

பிரவீனன் ஒரு கரண்டி வாங்கினான். அவள் வாளியோடு தயாராக நின்றாள். வாந்தி வரவில்லை. இன்னொரு கரண்டி. பிறகு தட்டையே கையில் வாங்கி வழித்துத் தின்றான். சுலோஜனா சுவரோடு சாய்ந்து சந்தோசத்தில் அழுதாள். அந்த நேரம் பார்த்துக் கொட்டிலில் சீதேவி கத்தியது.

"ம்," என்றான் பிரவீனன்.

"என்ன?"

"ஒண்டுமில்லை. கூப்பிட்ட மாதிரி இருந்துது."

மறுநாள் கன்றை அவிழ்த்துத் தாயிடம் விட்டாள். நல்ல மனசோடுதான் விட்டாள். சீதேவி அதன் வாலடியை முகர்ந்தது. தன் பாலின் வாசம் அங்கே இல்லை. தலையால் முட்டித் தள்ளியது. திரும்பவும் விட்டாள், திரும்பவும் முட்டியது. பிறகு தலையைத் திருப்பி, பிரவீனன் படுத்திருந்த அறையின் யன்னலைப் பார்த்தது. வைக்கோல் போட்டாள், புண்ணாக்கு வைத்தாள். எதிலும் வாய் வைக்காமல் யன்னலையே பார்த்துக்கொண்டு நின்றது.

கன்று நனைந்த சாக்குப்போலக் கிடந்தது. நிருஜா குனிந்து பார்த்தாள்.

"அக்கா, இது முதல் பால் குடிச்சதோ?"

"வயிறு முட்டக் குடிச்சுது," என்று பச்சைப் பொய் சொன்னாள் சுலோஜனா.

நிருஜா போனதும் பிரிஜ்ஜுக்கு முன்னால் போய் நின்றாள். போத்தலை எடுத்து இளக்கிக் கொடுத்தால் ஒருவேளை பிழைக்கலாம். கை கதவில் பட்டபோது, அறைக்குள் கட்டில் கிறீச்சிட்டது. பிரவீனன் தானாக எழும்பி உட்காருகிறான்! அவள் கையை எடுத்துவிட்டாள். பின்னேரம் கன்று செத்தது. தென்னையடியில் புதைத்தாள்.

பிரவீனன் நடந்தான். இதைத்தானே அவள் கோயில் கோயிலாகக் கேட்டுத் திரிந்தாள்? சீதேவி கத்த, இடுப்புச் சாரத்தை இறுக்கிக் கட்டிக்கொண்டு, யாருடைய பிடியும் இல்லாமல் படியிறங்கி நேரே கொட்டிலுக்குப் போனான். பசு அவன் காதை முகர்ந்தது, கழுத்தை முகர்ந்தது. பிறகு பிடரியிலிருந்து நக்கத் தொடங்கியது, தலைமயிர் ஒரு பக்கமாகப் படியும்வரை. அவன் தலையைக் குனிந்து கொடுத்துக்கொண்டு நின்றான். யாரும் தொடாமலே மடியிலிருந்து பால் நிலத்தில் சொட்டியது.

"காணும், உள்ளுக்கு வாங்கோ," என்று அவன் கையைப் பிடித்தாள். சீதேவி அவளை உதைத்தது.

"விடு சுலோ. நான் போனா அது அழும்," என்றான் அவன்.

அதற்குப் பிறகு அவன் மளமளவென்று தேறினான். கன்னத்தில் சதை வைத்தது. அக்கம்பக்கத்தார் சுலோஜனாவின் கைராசியைப் புகழ்ந்தார்கள். ஆனால் அவன் பக்கத்தில் நிற்காவிட்டால் பசு சொட்டுப் பால் தராது. அவனும் பாலைத் தவிர வேறொன்றையும் தொடமாட்டான். வைக்கோலில் குந்தியபடியே பொழுது போக்கினான். அவள் கத்திக் கூப்பிட்டாலும் திரும்பாதவன், சீதேவி பெருமூச்சு விட்டால் திரும்பினான்.

பசுவை விற்றுவிட முடிவெடுத்தாள். வாங்க வந்த ஸஹாப்தீன் தோப்பூரில் மாட்டுப்பட்டி வைத்திருப்பவர், நல்ல மனிதர். லொறிக்குப் பலகை போட்டு இழுத்துப் பார்த்தார். சீதேவி அசையவில்லை. பிரவீனன் வந்து கயிற்றை வாங்கினான். அவன் முன்னால் ஏற, அது பின்னால் ஏறியது.

"தம்பி, இனி இறங்குங்க," என்றார் ஸஹாப்தீன்.

அவன் இறங்கவில்லை. பசுவின் விலாவில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டான். சுலோஜனா கெஞ்சினாள், திட்டினாள், சாரத்தைப் பிடித்து இழுத்தாள். கன்று முரண்டு பிடிப்பதைப்போலக் காலை ஊன்றிக்கொண்டான்.

"வரட்டும் தங்கச்சி. மாட்ட இறக்கின கையோட பஸ்ஸில ஏத்திவிடுறன்," என்று ஸஹாப்தீன் சமாளித்தார்.

பின்னேரம் அவரிடமிருந்து போன் வந்தது.

"தங்கச்சி, இவர் போறாரில்ல. சோறு குடுத்தன், வேணாமாம். மாட்டோட படுத்துக் கிடக்கார். எனக்கு மனசு ஒரு மாதிரியா இருக்கு."

பின்னால் சீதேவி கத்துவது கேட்டது. உடனே இன்னொரு குரல், கொஞ்சம் மெல்லியதாக, அதேமாதிரிக் கத்தியது.

"அங்க கண்டும் நிக்குதோ, ஸஹாப்தீன் நானா?" என்று கேட்டாள்.

"இங்க கண்டு ஒண்டும் இல்ல தங்கச்சி," என்றார் ஸஹாப்தீன்.

சுலோஜனா பிரிஜ்ஜைத் திறந்து போத்தலை எடுத்தாள். சுடுதண்ணீரில் வைத்து இளக்கித் தென்னையடிக்குக் கொண்டுபோனாள். ஊற்றப்போகையில் கை நின்றது. இதைக் கொடுத்துவிட்டால், அவன் தேறிய உடம்பும் கூடவே போய்விடுமோ? போனால் போகட்டும். படுக்கையில் கிடந்தாலும் என் மனிசனாகக் கிடக்கட்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

"இந்தா, உன்ரை. குடி."

மணல் பாலை உறிஞ்சியது. தண்ணீர் இறங்குகிற மாதிரியல்ல. விட்டுவிட்டு, இடையிடையே மூச்சு வாங்கி, சப்பிச் சப்பி உறிஞ்சியது. போத்தல் வெறுமையான பிறகு, மணலில் ஊன்றியிருந்த அவள் விரலையும் தேடி வந்து ஒருமுறை சப்பியது. அவள் கையை இழுக்கவில்லை.

வீட்டுக்குள் போன் அடித்தது. ஓடிப்போய் எடுத்தாள்.

"தங்கச்சி, மாடு இவர முட்டித் தள்ளிட்டு! உங்கட ஊர் ரோட்டப் பாத்துக் கத்திக்கிட்டு நிக்குது," என்று ஸஹாப்தீன் பதறினார். "இந்தா, உங்களோட கதைக்கவேணுமாம்."

"சுலோ," என்றது பிரவீனனின் குரல். காய்ச்சல் காலத்தில் கேட்ட அதே நைந்த குரல். "நான் ஏன் இஞ்ச கிடக்கிறன்? கால் ரெண்டும் ஏலாது. எழும்பப் பார்க்கிறன், எழும்பேலாமக் கிடக்கு."

"எழும்பாதேங்கோ," என்றாள் அவள், அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும், காலால் செருப்பைத் தேடிக்கொண்டும். "அப்பிடியே கிடவுங்கோ. நான் வந்து தூக்குறன்."