கிராதிக்குப் பின்னால் ஐந்தாவது குரல்

மாதாவின் விண்ணேற்புத் திருநாளுக்கு நான்கு நாள் இருக்கும்போது ஆயரின் பிரதிநிதி பால்தசாரே பொலோஞா நகரத்துக் கன்னியர் மடத்துக்கு வந்தார். வந்ததும் வராததுமாகக் கோயில் கிராதிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு மடத்துத் தலைவியிடம் ஆரம்பித்தார்.

"உள்ள ஒளிச்சு வெச்சிருக்கிற ஆம்பளையை வெளிய அனுப்புங்கம்மா."

தலைவி இப்போலிதா கிராதித் திரையை இன்னும் கொஞ்சம் இழுத்து மூடினாள்.

"பொலோஞா பூரா இதே பேச்சு. மேல நாலு பொண்ணுங்க குரல், அடியில தடியா ஒரு ஆம்பளைக் குரல். அது நிஜம்னா இனிமே இந்த மடத்துல பாட்டே கிடையாது, பாத்துக்குங்க," என்றார் அவர்.

உள்ளே சகோதரிகளின் பின்வரிசையில் நின்ற லவுதோமியாவுக்கு முகம் சிவந்தது. ஊர் சொல்லும் ஆம்பளை அவள்தான். சணல் வியாபாரியின் மகள். அவள் அடித்தொண்டையில் பாடினால் சாப்பாட்டு மேசையில் தட்டுகள் அதிரும். சகோதரிகள் அவளைக் 'காளை' என்று கூப்பிடுவார்கள். ஆனால் அந்தக் காளை பக்கத்தில் வந்து நிற்காமல் ஒருத்தியும் பாட்டை எடுக்க மாட்டாள்!

தலைவி அவள் காதோரம் வந்தாள். "எதுக்குடி வம்பு? உன் பாகத்தை ஆர்கன்ல வாசிச்சுக்கலாம். நீ வாயை மூடிக்கிட்டு நில்லு."

லவுதோமியாவுக்குச் சுருக்கென்றது. பதினோரு வருஷம் மற்ற நால்வரையும் தாங்கிய குரல் அது.

"முடியாதும்மா. அவரு கண்ணு முன்னாடியே பாடுறேன்."

"அப்ப திரையை விலக்குங்க," என்றார் பால்தசாரே. "வாய் அசையறதைப் பாத்தாத்தான் நம்புவேன்."

ஐந்து பேரும் ஒரே பெரிய புத்தகத்தைச் சுற்றி நின்றார்கள். உச்சக் குரல் தனியாகப் புறப்பட்டது. அதே மெட்டைப் பிடித்துக்கொண்டு இரண்டாவது குரல் பின்தொடர்ந்தது, பிறகு மூன்றாவது, நான்காவது. ஒன்று ஏறும்போது இன்னொன்று இறங்கியது. கீழ்க்குரலின் முறை கடைசியில்தான். லவுதோமியா மனதுக்குள் தாளம் எண்ணிக் காத்திருந்தாள். பால்தசாரே ஒவ்வொரு வாயாகப் பார்த்துவந்து அவளிடம் நின்றார்.

அவள் எடுத்தாள். அதே மெட்டுதான், ஆனால் தரைக்கு அடியிலிருந்து வந்தது. அதுவரை அந்தரத்தில் திரிந்த நான்கு குரல்களும் அதன்மேல் காலூன்றின. பால்தசாரேயின் கை தானாகக் கிராதியைப் பிடித்துக்கொண்டது. இரும்பு அதிர்வது அவருக்கே தெரிந்தது. லவுதோமியாவுக்குப் பெருமை தாங்கவில்லை. அதை மறைக்கவும் அவள் மெனக்கெடவில்லை.

பாட்டு முடிந்ததும் அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, இறகுப் பேனாவை எடுத்து எழுதி, உரக்கப் படித்தார்: "உள்ளே ஆண் யாருமில்லை. கீழ்க்குரல் பாடியது ஒரு கன்னியாஸ்திரி. பாட்டு தொடரலாம்."

தலைவி சிலுவை போட்டுக்கொண்டாள்.

"ஒரு கன்னியாஸ்திரின்னா யாரு சாமி?" என்றாள் லவுதோமியா. "பேரைப் போடுங்க."

"பேரு எதுக்கும்மா?"

"பதினோரு வருஷமா பாடுறது நானு. ஊரு எவனோ ஒருத்தன்னு சொல்லுது."

"இது ஆங்காரம். பாவம்னு தெரியாதா?"

"தெரியும் சாமி. சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்துல சொல்லிக்கிறேன். இப்ப எழுதுங்க. லவுதோமியா."